தலைக்கட்டு வரிக்கு ஸ்லாபு போட்ட கதை

எங்கள் தெருவுக்கு வருமான வரி கொண்டுவர முயன்றவன் நான். அரசாங்கம்கூட இத்தனை வருஷத்தில் அந்த எண்ணத்தோடு எங்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், மாடியில் ஒரு சின்ன அறை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். முடித்து ஒரு ஆடிட்டரிடம் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டுத் தனியாக வந்தவன். ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் நான் ஆடிட்டர்தான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். அப்புறம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு கவலைதான். வருமானத்தை எப்படிக் குறைத்துக் காட்டுவது. பொம்மை செய்கிறவர், பைப்புக் கடைக்காரர், டியூஷன் எடுக்கிற வாத்தியார் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு, இந்த வருஷம் ஒன்றும் சரியில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். சரியாக இருந்த வருஷம் என்று ஒன்றை எவரும் என்னிடம் சொன்னதில்லை.

எங்கள் தெரு செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. தெருமுனையில் மாரியம்மன் கோயில். வருஷத்துக்கு ஒருமுறை செடல் திருவிழா. அதற்குத் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே தொகை. மாடி வீடு, ஓட்டு வீடு என்ற வித்தியாசம் கிடையாது. செடல் அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மனை டிராக்டரில் ஜோடித்துத் தெருவில் கொண்டுவருவார்கள். வரி கட்டின ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டிராக்டர் நிற்கும். பூசாரி அந்த வீட்டுத் தேங்காயை வாங்கி உடைத்துக் கற்பூரம் காட்டி, தட்டைத் திருப்பிக் கொடுப்பார். அப்புறம் அடுத்த வீடு.

கணவன் இறந்துபோன வீடு அரைத் தலைக்கட்டு. அதற்குப் பாதி வரி. கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கும். ஆனால் அரை வரி வீட்டு வாசலில் சாமி தனியாக நிற்காது. அந்த வீட்டுப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், அவர்கள் தேங்காய் உடைத்த பிறகு தன் தேங்காயைக் கொடுக்க வேண்டும்.

என் அக்கா அதே தெருவில் எங்களுக்கு நாலைந்து வீடு தள்ளி இருக்கிறாள். அத்தான் இறந்த வருஷம், உனக்கு இனி அரை வரி போதும் என்று கோயிலில் சொல்லி அனுப்பினார்கள். இவள் நேரே கோயிலுக்குப் போய் முழு வரியைத் தர்மகர்த்தா கையில் வைத்துவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பெண்பிள்ளை முழு வரி கட்டக் கூடாது என்று எந்த வழக்கத்திலும் இல்லை, கட்டுவாள் என்று யாரும் நினைத்ததில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் வாசலில் சாமி நிற்கிறது. அவள் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிறாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரங்களை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சரிசெய்கிற வேலை. பொம்மைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கம்பெனியின் முதலாளியும் எங்கள் தெருக்காரர்தான். தெருவிலேயே பெரிய வீடு அவருடையது. அவருக்கு ரிட்டர்ன் போடுவது நான்.

போன வருஷம் கோயிலுக்கு முன்னால் மண்டபம் கட்டுவதென்று தீர்மானித்தார்கள். அதனால் வழக்கமாக இரண்டாயிரமாக இருந்த வரி ஒரே தாவலில் பத்தாயிரம் ஆனது. தலைக்கட்டுக்குப் பத்தாயிரம், எல்லோருக்கும் சமம் என்று மைக்கில் சொன்னபோது நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முதலாளிக்கு அது ஒரு நாள் டெம்போ வாடகை. அக்காவுக்கு ஒரு மாசம் முழுக்க ஸ்பாஞ்சு பிடித்தாலும் கைக்கு வராத பணம். அவள் மகளுக்கு அப்போதுதான் ஸ்ரீமுஷ்ணத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஒவ்வொரு ரூபாயையும் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம். இதில் என்ன சமம் இருக்கிறது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

அங்கே ஆரம்பித்தது வினை. வருமானத்துக்குத் தகுந்த மாதிரி வரி வைக்க வேண்டும், அரசாங்கம் வைக்கிற மாதிரி படிப்படியாக ஏறுகிற ஸ்லாபு போட வேண்டும், குறைந்த வருமானக்காரனுக்கு வரியே இருக்கக் கூடாது என்று மூச்சுவிடாமல் பேசினேன். எனக்கே என் பேச்சு நன்றாக இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை முதலாளி துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அப்புறம் சாவகாசமாக ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி எல்லாரு வூட்டு வாசல்லயும் ஒரே நேரம்தான நிக்குது ஆடிட்டரே? பெரிய வூடுன்னு எனக்கு ரெண்டு நிமிஷம் கூட நிக்குதா? அப்புறம் நான் மட்டும் ஏன் கூட குடுக்கணும்?"

கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். நான் பதிலுக்கு எதையோ சொன்னேன். அது யார் காதிலும் ஏறவில்லை. அப்போது சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர் எழுந்தார். அவர் கம்மாபுரம் பக்கத்து ஆள். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கிடைத்த வேலையோடு எங்கள் தெருவில் வீடு கட்டி வந்தவர். அவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். தொகை சமம் என்பதும் வேண்டாம், ஸ்லாபும் வேண்டாம், எல்லோரும் அவரவர் வருமானத்தில் ஒரே சதவீதம் கொடுக்கட்டும். நிறைய சம்பாதிக்கிறவன் தானாகவே நிறையக் கொடுத்துவிடுவான், அவன் சதவீதத்தையும் சேர்த்து ஏற்றுவது அக்கிரமம் என்றார். நான் அவரோடும் மல்லுக்கு நின்றேன். ஆயிரம் ரூபாயில் நூறு போனால் அரிசியில் கை வைக்க வேண்டும், லட்சத்தில் பத்தாயிரம் போனால் யாருடைய அரிசியும் குறையாது என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஸ்லாபு போட்டா மாட்டுறது நான் ஒருத்தன்தான். உங்க எல்லாரு வருமானமும் மூட்டைக்குள்ள இருக்குது. என் சம்பளம் மட்டும் கண்ணாடி பீரோவுல இருக்குது. நெலத்த குடுத்துட்டு வாங்குற சம்பளங்க இது."

அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்தும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. விவாதம் என்று வந்துவிட்டால் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ஆச்சரியமாக முதலாளியே இறங்கிவந்தார். சரி, ஆடிட்டர் படித்தவர், அவர் சொல்கிறபடியே செய்யலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அவரவர் வருமானத்தை அவரவரே கோயிலில் வந்து சொல்ல வேண்டும், சொன்னதை யாரும் துருவக் கூடாது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லலாமே என்று யாரோ கேட்டதற்கு, காசு விஷயத்துக்கெல்லாம் அம்மனை இழுக்காதீங்க என்று அவரே தடுத்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண்டையில் அடித்திருக்க வேண்டும். இருபது வருஷமாகப் பெருமூச்சுகளைக் கேட்டுக் காலம் தள்ளுகிறவன் நான். ஆனால் ஜெயித்த மிதப்பில் நேரே போய் ஸ்லாபு தயார் பண்ண உட்கார்ந்துவிட்டேன். மாச வருமானம் பதினைந்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. அதற்கு மேல் இருபதாயிரம் வரை முதல் படி, அதற்கு ஆறாயிரம். அதற்கும் மேலே போகப்போக ஏறிக்கொண்டே போகும். கடைசிப் படியில் முதலாளி மாதிரி ஆட்கள் ஐம்பதாயிரம் கொடுத்தால் மண்டபம் தானாக எழும்பிவிடும் என்று கணக்கு.

அடுத்த ஒரு வாரம் தெருவே ஏழையாகிவிட்டது. பைப்புக் கடைக்காரர் கடன் வியாபாரத்தில் எல்லாம் போய்விட்டது என்றார். வீட்டு வாடகை வாங்குகிறவர், வாடகை வீடு தன் பெயரிலேயே இல்லை, மச்சான் பெயரில் இருக்கிறது என்றார். முதலாளி வந்தார். கேஸ் விலை, ஜிஎஸ்டி, வெளிமாநிலத்துப் பொம்மைகளின் போட்டி என்று ஒவ்வொன்றாக விரலை மடக்கிச் சொல்லிவிட்டு, கையில் நிற்பது மாசம் இருபதாயிரம் என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அவருக்கு என்ன வருகிறது என்பது அவர் சம்சாரத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் போவது அவர் ஒருவரோடு முடியாது, பேட்டையில் என்னிடம் ரிட்டர்ன் போடுகிற பத்துப் பேரும் மறுநாளே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். தர்மகர்த்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

அக்காவுக்கு வேலை நாள் என்பதால் அவள் சார்பில் நானே போய்ச் சொன்னேன். அவள் கூலி உள்ளது உள்ளபடி. பதினைந்தாயிரத்துக்கு நிறையவே கீழே. அவளுக்கு வரி இல்லை என்று ஆனபோது, இந்தக் கூத்தில் இதுவாவது உருப்பட்டதே என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவள் போலவே இன்னும் நாலைந்து வீடுகள் வரிக்கு வெளியே வந்தன. ஆட்டோ ஓட்டுகிறவர், இட்லிக் கடை வைத்திருக்கிற அம்மா, அந்த மாதிரி வீடுகள்.

ஞாயிற்றுக்கிழமை தர்மகர்த்தா மைக்கில் எல்லாவற்றையும் வாசித்தார். வரி இல்லாத வீடுகளையும் வாசித்தார். முடிவில், இந்த வீடுகளில் இந்த வருஷம் சாமி நிற்காது, அந்த வீட்டுக்காரர்கள் தட்டைக் கோயிலுக்கே கொண்டுவந்துவிடலாம் என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஓடிப்போய் மைக்கை அணைத்துவிட்டு, இதென்ன அநியாயம் என்று கேட்டேன். அந்த மனிதர் கோபப்படவே இல்லை. வரி கட்டுகிற வீட்டு வாசலில்தான் சாமி நிற்கும், அது அவர் அப்பா காலத்துக்கும் முந்திய வழக்கம் என்று பொறுமையாக விளக்கினார். வரி விலக்கு என்றால் வரி கட்டினதாகத்தான் கணக்கு என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, அவங்கள வரியிலேந்து எடுத்தது நாங்க இல்லிங்க. நீங்கதான் எடுத்தீங்க."

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். வருமானத்தைக் குறைத்துச் சொன்ன அத்தனை பேரும் வழக்கத்தை மாற்றக் கூடாது என்று ஒரே குரலில் சொன்னார்கள். துளி கூச்சம் இல்லை. எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அவர்கள் ஏதோ ஒரு வரி கட்டுகிறவர்கள். சாமி அவர்கள் வாசலில் நிற்கும். உண்மையைச் சொன்ன வீடுகளில்தான் நிற்காது. இதை எந்தச் சட்டப் புத்தகத்தில் போய்த் தேடுவது? நான் ஸ்லாபு போடும்போது வருமானத்தைப் பார்த்தேன், தொகையைப் பார்த்தேன். டிராக்டர் எங்கே நிற்கும் என்று யோசிக்கவே இல்லை. தெருவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தோன்றாமல் போனதை என்னவென்று சொல்வது.

அன்று மத்தியானமே அக்கா வீட்டுக்கு வந்தாள். வேலைக்குப் போகாத நாள் என்றாலும் நகக்கண்ணில் வெள்ளை மண் இருந்தது. திட்டப்போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"என் வருமானத்த கொஞ்சம் ஏத்திப் போடுடா."

இந்தத் தொழிலில் நான் கேட்காத வார்த்தை. சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். செடலுக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றாள். சாமி இவள் வீட்டைத் தாண்டிப் போவதை அவர்கள் பார்த்தால், புருஷன் இல்லாத வீடு என்று இன்றுவரை யாரும் நினைவுபடுத்தாததை அம்மனே வந்து நினைவுபடுத்தின மாதிரி ஆகிவிடும் என்றாள். தானே கோயிலுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உன் தம்பியே குறைத்துச் சொல்லியிருக்கிறார், நாங்கள் யார் ஏற்ற என்று அனுப்பிவிட்டார்களாம். அதனால் நான் வந்து சொல்ல வேண்டும்.

எனக்கு ஆத்திரம் அவள்மேல் திரும்பியது. பத்தாயிரத்திலிருந்து உன்னைக் காப்பாற்றத்தான் தெருவோடு சண்டை போட்டேன், நீயே போய்த் தலையைக் கொடுக்கிறாய் என்று கத்தினேன். சாமி எல்லோருக்கும் பொது, வாசலில் நின்றால் என்ன, கோயிலில் நின்றால் என்ன என்று எனக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றைச் சொன்னேன். அப்படிக் கட்டியே தீர வேண்டுமென்றால் நான் கட்டுகிறேன் என்றேன்.

"ஒன் காசுல நின்னா அது தம்பி வூட்டு சாமிடா. என் வூட்டுக்கு நின்னதா ஆவாது. நாளெல்லாம் குனிஞ்சு உக்காந்து தொடைக்கிறேன். வருஷத்துல ஒரு நாளு நிமிந்து நிக்கிறது அந்த வாசல்லதான்."

சாயங்காலம் கோயிலுக்குப் போய், எல்லோருக்கும் முன்னால், என் அக்காவின் வருமானம் பதினாறாயிரம், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். எத்தனையோ பேருக்கு வருமானத்தைக் குறைக்க வழி சொன்னவன், முதல்முறையாக ஒருத்திக்காக ஏற்றிப் பொய் சொன்னேன். உடனே ஆட்டோக்காரர் எழுந்து தனக்கும் பதினாறு என்றார். இட்லிக் கடை அம்மா பதினேழு என்றார். வரிக்கு வெளியே இருந்த வீடுகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் உள்ளே வந்துவிட்டன.

முதலாளியும் பைப்புக் கடைக்காரரும் மேலேயிருந்து இறங்கி வந்திருந்தார்கள். இவர்கள் கீழேயிருந்து ஏறி வந்தார்கள். சுரங்கத்துக்காரர் ஒருவரைத் தவிரத் தெரு மொத்தமும் முதல் படியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அவர் சொன்னபடியே அவர் ஒருவர்தான் மாட்டினார். ஆனால் அவர் ஒருவர் பணத்தில் மண்டபம் எழும்பாது. குறைகிற தொகையைத் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரித்துவிடலாம் என்றார் முதலாளி. பிரித்தார்கள். தலைக்கு வந்து நின்றது பத்தாயிரத்துக்குச் சில நூறு ரூபாய் குறைவு. நான் இத்தனை நாள் தொண்டை கிழியப் பேசியதற்கு எங்கள் தெருவில் மிச்சமானது அந்தச் சில நூறுதான். சுரங்கத்துக்காரர் பணத்தைக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தெருவில் எதிரே வந்தால் வண்டியை வேகமாக முறுக்கிக்கொண்டு போகிறார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

செடல் அன்று டிராக்டர் அக்கா வீட்டு வாசலில் நின்றது. வாசல் முழுக்கக் கோலம். சம்பந்தி வீட்டார் நாற்காலியிலிருந்து எழுந்து கைகூப்பி நின்றார்கள். பூசாரி குடும்பத் தலைவர் யார் என்று கேட்டபோது அக்கா ஒரு எட்டு முன்னால் வந்து தட்டை நீட்டினாள். தேங்காய் ஒரே போடில் சரிபாதியாக உடைந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அத்தான் போனபிறகு நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குத்தான் இத்தனை பாடு என்றால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் மனசு இறங்கிவிட்டது.

டிராக்டர் நகர்ந்ததும் பக்கத்தில் போய், பணத்துக்கு என்ன செய்தாய் என்று மெதுவாகக் கேட்டேன். கல்யாணப் பணத்தில் கை வைத்திருப்பாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

"அதுல தொடுவனா? மொதலாளிதான்டா குடுத்தாரு. கேட்ட ஒடனே எடுத்துக் குடுத்துட்டாரு. சனிக்கெழம கூலியில கொஞ்சம் கொஞ்சமா புடிச்சுக்குவாரு, மேல ஏதோ வட்டி போட்டு. பாவம், அவருக்கும் மாசம் இருவதாயிரம்தான் நிக்குதாம், கோயில்ல சொன்னாரே. நாம சொன்னத விட ஒரு நாலாயிரம்தான் கூட. அதுலயும் நமக்கு எடுத்துக் குடுக்குறாருன்னா எப்பேர்ப்பட்ட மனசு பாரு."

டிராக்டர் அப்போது முதலாளி வீட்டு வாசலுக்குப் போயிருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியைக் கும்பிட்டாளா அவரைக் கும்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை. உள்ளே சம்பந்தியம்மா கூப்பிட்டார்கள். ஒரு தேங்காய் மூடியை என் கையில் திணித்துவிட்டு, சாப்பிட்டுட்டுப் போடா என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த மனிதருக்கு மாசம் எவ்வளவு வருகிறது என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.